மலைக்காட்டில் ஒரு பெரட்டு

கடந்த பள்ளி விடுமுறையில் அப்பாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு பிரேசர் மலைக்குப் போயிருந்தேன். இரண்டாம் நாள் காலை, மணி எட்டரை இருக்கும். தங்கியிருந்த இடத்தின் பின்புறத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். எதிரே இருந்த சரிவு முழுவதும் மூடுபனி. அங்கங்கே மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது.

திடீரென்று அந்தப் பனிக்குள்ளிருந்து சத்தம் கிளம்பியது. முதலில் பெரிய பானையைத் தட்டுவதுபோல் ‘பூம்… பூம்…’ என்று ஆழமான ஒலி. அதன்மேல் குரைப்பு, கூவல், நீண்ட அலறல் என ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் பள்ளத்தாக்கையே நிறைத்துவிட்டது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சியாமாங்,” என்றார் அப்பா, கோப்பையைக் கீழே வைக்காமலேயே. இளம் வயதில் இந்த மலைகளின் அடிவாரத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர் அவர். “நாங்க பால்மரம் வெட்டிக்கிட்டு இருக்கும்போது மேல இருந்து இதேதான் கத்தும். கடிகாரமே வேண்டாம்.”

“எத்தனை இருக்கு, தாத்தா?”

“சத்தத்த வச்சுப் பார்த்தா நாலஞ்சு இருக்கும்மா.”

“நாலா, அஞ்சா?”

அப்பா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால், மலையிலிருந்து இறங்கும்போது அந்தக் கேள்வியும் எங்களோடு காரில் ஏறிக்கொண்டது.

நான் வானொலி அறிவிப்பாளர். என் குரல் கேட்கும், ஆள் தெரியாது. நான் பேசும்போது எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது. அதனால்தானோ என்னவோ, குரல் மட்டும் கேட்டு ஆளைக் காணாத அந்தச் சியாமாங் கூட்டம் மனதைவிட்டுப் போகவில்லை. மலைக்காட்டுக்குள் இருக்கும் விலங்குகளை உண்மையிலேயே எப்படித்தான் எண்ணுகிறார்கள்? நிகழ்ச்சி ஒன்றுக்காகத் தேட ஆரம்பித்தேன். தேடல் வெப்பத்தைப் பார்க்கும் ட்ரோன்களில் போய் நின்றது.

பாட்டை வைத்துக் கணக்கு

சியாமாங், ஊங்கா இரண்டும் ஜிப்பன் என்னும் வாலில்லாக் குரங்கு இனத்தைச் சேர்ந்தவை. ஜிப்பன்களில் மிகப் பெரியது சியாமாங். தீபகற்ப மலேசியாவிலும் சுமத்ராவிலும் வாழ்கிறது. தொண்டையில் ஒரு பை உண்டு. அதைப் பலூன்போல் ஊதித்தான் அந்த ஆழமான ஒலியை எழுப்புகிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும். ‘இது எங்கள் இடம்’ என்று பக்கத்துக் குடும்பங்களுக்கு அறிவிக்கும் பாட்டு அது.

ஜிப்பன்களை எண்ணுவதற்கு ஆய்வாளர்கள் நெடுங்காலமாக இந்தப் பாட்டையே நம்பியிருக்கிறார்கள். விடிவதற்கு முன்பே மலையேறி, வெவ்வேறு முகடுகளில் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். பாட்டு எந்தத் திசையிலிருந்து, எத்தனை மணிக்கு வருகிறது என்று திசைகாட்டியைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். இரண்டு மூன்று பேர் குறித்த கோடுகள் வரைபடத்தில் எங்கே சந்திக்கின்றனவோ, அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது.

செலவு குறைந்த நல்ல முறைதான். ஆனால், மழை பெய்தாலோ காற்று பலமாக அடித்தாலோ பாட்டு இருக்காது. குடும்பத்தைவிட்டுப் பிரிந்து தனியாகத் திரியும் இளசுகளைப் பாட்டை மட்டும் வைத்துக் கண்டுபிடிப்பது கடினம். குடும்பம் இருப்பது தெரிந்தாலும் அதில் எத்தனை உறுப்பினர் என்பது தெரியாது. என் மகள் கேட்ட அதே கேள்விதான்: நாலா, அஞ்சா?

நிறைய விலங்குகள் இருக்கும் இடத்தில் நாலோ ஐந்தோ பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், மொத்தமே விரல்விட்டு எண்ணக்கூடிய நிலைக்கு வந்துவிட்டால்?

தெற்குச் சீனாவின் ஹைனான் தீவில் அதுதான் நடந்தது. உலகிலேயே மிக அரிதான குரங்கினம் என்று சொல்லப்படும் ஹைனான் ஜிப்பன் அங்கே பாவாங்லிங் என்ற மலைப்பகுதியில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஆண் கறுப்பு, பெண் பொன்னிறம். தாழ்வான பகுதிகளில் இருந்த காடுகள் ரப்பருக்காகவும் பிற பயிர்களுக்காகவும் அழிக்கப்பட, மிச்சம் இருந்தவை மலைக்காட்டுக்குள் ஒடுங்கின. வேட்டையும் சேர்ந்துகொண்டது. 1970-களின் இறுதியில் பத்துக்கும் குறைவானவையே இருந்ததாகக் கணக்கு. 2003-ல் 13.

அங்கே பாட்டை வைத்து எண்ணுவதில் ஒரு விசித்திரமான சிக்கல் வந்தது. ஜிப்பன் பாடுவதே பக்கத்துக் குடும்பத்துக்குத்தான். பக்கத்தில் குடும்பமே இல்லையென்றால் யாருக்காகப் பாடுவது? எண்ணிக்கை குறையக் குறையப் பாட்டும் குறைந்தது. பாட்டு குறைந்தால் எண்ணுவதும் கடினம். ஒருமுறை லண்டன் விலங்கியல் சங்கத்தின் ஆய்வாளர்கள் பதிவு செய்த ஜிப்பன் குரலைக் காட்டுக்குள் ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டார்கள். யாரோ புதிய ஆள் வந்திருக்கிறார் என்று பார்க்க ஒரு குடும்பம் வந்தது. அதுவரை யாரும் கணக்கில் சேர்க்காத நான்காவது குடும்பம் அது.

இதைப் படித்தபோது கொஞ்சம் உறைந்து போனேன். பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் பேசுவதை நிறுத்திக்கொள்வது எவ்வளவு இயல்பானது என்று ஒரு வானொலிக்காரிக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

அதே பாவாங்லிங் மலையில்தான் ஆய்வாளர்கள் வெப்பப்பட ட்ரோன்களைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 2020-ல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு, மர உச்சியில் இருக்கும் ஹைனான் ஜிப்பன்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முடியும் என்று காட்டியது. ஜிப்பன் கூடு கட்டாது. மாலையில் உயரமான மரத்தில் ஏறி, கிளையில் உட்கார்ந்தபடியே தூங்கும். அந்த இரவு நேர நடவடிக்கைகளையும் ட்ரோன் பதிவு செய்தது. பாடினாலும் பாடாவிட்டாலும் உடம்பில் சூடு இருக்கிறதே!

என்னை விட்டுட்டீங்களே!

சித்தி மகன் ஒருவன், எனக்குத் தம்பி முறை. தொழிற்சாலைக் கூரைகளில் பொருத்தியிருக்கும் சோலார் தகடுகளைச் சோதிப்பது அவன் வேலை. பழுதான தகடு மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும் என்பதால் வெப்பப்பட ட்ரோன் வைத்திருக்கிறான். அதன் விலை ஒரு சிறிய உள்ளூர் காரின் விலையை நெருங்கும். “வா அக்கா, காட்டுறேன்,” என்றான்.

ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் திடலில் அதைப் பறக்கவிட்டான். வெயில் இன்னும் ஏறவில்லை. கையில் இருந்த திரையைப் பார்த்தேன். புல் முழுவதும் கரும் சாம்பல் நிறம். அதில் பந்து விளையாடும் பிள்ளைகள் வெள்ளை வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாய்கள் தெரிந்தன. கால்வாய் ஓரமாகப் பூனை ஒன்று போனதுகூடத் தெரிந்தது. அதைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டேன்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. எல்லாப் பொருளும் தன் வெப்பத்துக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிர்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. வெப்பப்படக் கேமரா அதை வாங்கி, சூடான இடத்தை வெளிச்சமாகவும் குளிர்ந்த இடத்தை இருட்டாகவும் படம் வரைகிறது. வெளிச்சமே தேவையில்லை என்பதால் நள்ளிரவிலும் பார்க்கும்.

“மொத்தம் எத்தனை பேர்?” என்று மகளைக் கேட்டேன். திரையில் விரல் வைத்து எண்ணினாள். “மனுசங்க மட்டும் ஒன்பது. அந்தப் பெரிய வெள்ளை என்னன்னு தெரியலை.”

அந்தப் பெரிய வெள்ளை, சற்று முன்பு வந்து நின்ற பக்கத்து வீட்டு மைவி. எஞ்சின் சூடு இன்னும் ஆறவில்லை.

“பத்து!” என்று ஒரு குரல் வந்தது. ரம்புத்தான் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார் அப்பா. அவர் திரையில் இல்லவே இல்லை. மரத்தின் உருண்டையான சாம்பல் நிறம் மட்டும்தான் தெரிந்தது.

“இலைக்குப் பின்னால இருக்கிறத இது பார்க்காது, பெரியப்பா. எக்ஸ்ரே இல்லையே,” என்றான் தம்பி.

“பெரட்டுல என்னை விட்டுட்டீங்களே! எனக்கு இன்னிக்குச் சம்பளம் போச்சு!” என்றார் அப்பா.

பெரட்டு என்றால் என்ன என்று மகள் கேட்டாள். தோட்டத்தில் வளராத இளைய வாசகர்களுக்கும் சொல்கிறேன். பொழுது விடியும் முன்பே தொழிலாளர்கள் எல்லாரும் ஓரிடத்தில் வரிசையாக நிற்பார்கள். கிராணி பெயர் கூப்பிட்டுப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். அதன் பிறகுதான் வேலைக்குக் கலைவார்கள். பதிவேட்டில் பெயர் விழாதவனுக்கு அன்றையக் கூலி இல்லை.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால், அந்தக் காலை நேரத்தில் இந்தத் தொழில்நுட்பத்தின் பலமும் பலவீனமும் என் கண்முன்னே நடந்து முடிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத பூனையைக் காட்டியது. காரை உயிருள்ளதுபோல் காட்டியது. மரத்தடியில் இருந்த மனிதரைக் காட்டவில்லை.

நட்சத்திரம் தேடியவர்கள்

வெப்பப்படத்தில் விலங்கைத் தேடும் வேலைக்கு எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் வனவிலங்கு ஆய்வாளர்களும் விண்வெளி ஆய்வாளர்களும் கைகோத்தார்கள். யோசித்துப் பார்த்தால் பொருத்தமான சம்பந்தம்தான். இருண்ட வானத்தில் மங்கலாக ஒளிரும் நட்சத்திரத்தைக் கணினி மூலம் கண்டுபிடிப்பது விண்வெளிக்காரர்களின் வேலை. குளிர்ந்த காட்டில் மங்கலாக ஒளிரும் விலங்கைக் கண்டுபிடிப்பதும் அதே கணக்குதானே? எந்த விலங்கின் வெப்ப உருவம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, முதலில் விலங்குத் தோட்டங்களில் இருக்கும் விலங்குகளைப் படம் எடுத்துப் பழகினார்கள்.

அந்தக் குழு நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. உலக இயற்கை நிதியத்துடன் சேர்ந்து சபாவில் செப்பிலோக், கினாபாத்தாங்கான் காடுகளின் மேல் ட்ரோனை 28 முறை பறக்கவிட்டார்கள். 41 ஓராங் ஊத்தான்கள் கிடைத்தன. 2019-ல் இந்த முடிவை அறிவித்தார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் எண்ணிக்கை அல்ல. ட்ரோன் காட்டிய ஒவ்வொன்றையும் தரையில் நடந்துபோய் ஆட்கள் உறுதிசெய்தார்கள் என்பதுதான்.

ஓராங் ஊத்தான்களை எண்ணும் பழைய முறையில் பெரும்பாலும் விலங்கைப் பார்ப்பதே இல்லை. அது தினமும் கட்டும் கூடுகளைக் காட்டுக்குள் நடந்து எண்ணி, அதிலிருந்து கணக்குப் போடுவார்கள். கூடு எவ்வளவு நாளில் சிதையும், ஒரு விலங்கு எத்தனை கூடு கட்டும் என்றெல்லாம் ஊகிக்கவேண்டும். ட்ரோன் விலங்கையே காட்டுகிறது.

மெக்சிகோவில் சிலந்திக் குரங்குகளை வைத்து நடந்த இன்னோர் ஆய்வும் 2019-ல் வெளிவந்தது. குரங்குகள் தூங்கும் மரங்களில் தரையிலிருந்து எண்ணியதையும் ட்ரோன் எண்ணியதையும் ஒப்பிட்டார்கள். சிறு கூட்டத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போயின. கூட்டம் பெரிதானால் ட்ரோன்தான் அதிகம் கண்டுபிடித்தது. கழுத்தை வளைத்து மேலே பார்க்கும் மனிதருக்குக் கீழ்க்கிளையில் இருப்பது தெரியும். உச்சியில் இருப்பது தப்பிவிடும்.

மலையில் கணக்கு வேறு

செப்பிலோக், கினாபாத்தாங்கான் எல்லாம் தாழ்நிலக் காடுகள். மலைக்குப் போனால் நிலைமை மாறுகிறது. கொஞ்சம் சாதகமாகவும் கொஞ்சம் பாதகமாகவும்.

முதலில் சாதகம். வெப்பப்படத்தில் விலங்கு தெரியவேண்டுமென்றால் அதன் உடலுக்கும் சுற்றுப்புறத்துக்கும் வெப்ப வேறுபாடு இருக்கவேண்டும். நம் ஊர் நண்பகல் வெயிலில் இலையும் பாறையும் விலங்கின் ரோமத்துக்குச் சமமாகச் சூடேறிவிடும். அப்போது திரையில் எல்லாம் ஒரே வெள்ளை. சபாவில்கூடக் காலை 9 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும்தான் நன்றாகத் தெரிந்தது. மலையிலோ ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 6 டிகிரி வெப்பம் குறைகிறது. சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிரேசர் மலையில் அதிகாலையில் இலைகள் நன்றாகக் குளிர்ந்திருக்கும். கதகதப்பான ஒரு சியாமாங் அதில் எடுப்பாகத் தெரியவேண்டும்.

அதோடு, செங்குத்தான சரிவில் மனிதர் நடந்து எண்ணுவது ஆபத்தும் தாமதமும் நிறைந்த வேலை. ஒரு முகட்டிலிருந்து எதிர் முகட்டுக்குப் போக ஆளுக்கு அரைநாள் ஆகும் இடத்தை ட்ரோன் சில நிமிடங்களில் கடந்துவிடும்.

இப்போது பாதகம். முதலாவது, அன்று காலை நாங்கள் பார்த்த அதே மூடுபனி. பனியில் இருக்கும் நீர்த்துளிகள் அகச்சிவப்புக் கதிரைத் தடுத்துச் சிதறடிக்கும். இருட்டைத் துளைக்கும் கேமரா அடர்ந்த பனியைத் துளைப்பதில்லை. வெப்ப வேறுபாடு மிக நன்றாக இருக்கும் அதிகாலைதான் மலையில் பனி மிகுந்த நேரமும்.

இரண்டாவது, சரிவு. கேமரா துல்லியம் குறைவானது. நம் கைப்பேசி எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டால் வெப்பப்படம் மிகச் சிறியது. பொதுவாகப் பயன்படும் கேமராக்களில் அகலவாக்கில் 640 புள்ளிகள்தான். 100 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால், ஒரு புள்ளி கீழே சுமார் 9 சென்டிமீட்டரைக் குறிக்கும். அப்படியென்றால் முழு வளர்ச்சியடைந்த ஒரு சியாமாங் திரையில் எட்டு, பத்துப் புள்ளி நீளம். சமதளத்தில் ட்ரோனை ஒரே உயரத்தில் ஓட்டலாம். மலையில் ஒரே உயரத்தில் ஓட்டினால் ஒரு நேரம் மரத்தில் மோதும், மறு நேரம் பள்ளத்தாக்குக்கு மேல் வெகு உயரத்தில் இருக்கும், விலங்கு ஒற்றைப் புள்ளியாகிவிடும். அதனால் நிலத்தின் ஏற்ற இறக்கத்தை முன்கூட்டியே ஏற்றி, அதற்கேற்ப ஏறி இறங்கும்படி பறக்கவிட வேண்டும். ஒரு மின்கலம் தாங்குவது அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான். மலைக்காற்று அதையும் குறைக்கும்.

மூன்றாவது, அப்பாவின் ரம்புத்தான் மரம். இலை மறைத்தால் முடிந்தது. ஆகவே மர உச்சியில் வாழும் ஜிப்பன், ஓராங் ஊத்தான், புல்வெளியிலும் பாறையிலும் மேயும் மலையாடுகள் போன்றவற்றுக்கு இது பொருத்தமான கருவி. அடர்ந்த காட்டின் தரையில் நடக்கும் விலங்குக்கு அல்ல.

நம் தித்திவங்சா மலைத்தொடரின் புலியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பு, காட்டில் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்று சொன்னது. அந்த எண் ட்ரோனிலிருந்து வரவில்லை. காட்டுப் பாதைகளில் மரத்தில் கட்டிவைத்த தானியங்கிக் கேமராக்களிலிருந்து வந்தது. அவற்றை முதுகில் சுமந்து மலையேறிக் கட்டியவர்கள் மனிதர்கள். ஒவ்வொரு புலியையும் அதன் வரிகளை வைத்து அடையாளம் காணலாம். வெப்பப்படத்தில் வரி தெரியாது.

புள்ளிக்குப் பின்னால் ஓர் ஆள்

ட்ரோன் வந்துவிட்டால் காட்டுக்குள் நடப்பவர்களுக்கு வேலை இருக்காது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். படிக்கப் படிக்க அது தலைகீழ் என்று புரிந்தது.

மர உச்சியில் நான்கு வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவை சியாமாங்கா, ஊங்காவா, இலைக்குரங்கா? பகலெல்லாம் வெயில் பட்டுச் சூடாகவே இருக்கும் ஒரு பட்டுப்போன கிளையா? தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி தனிப் புள்ளியாகத் தெரிவது கடினம். அப்படியென்றால் நாலா, அஞ்சா? இதைச் சொல்வதற்கு அந்தக் கூட்டத்தை நன்றாக அறிந்த ஓர் ஆள் வேண்டும். எந்த மரம் இப்போது காய்த்திருக்கிறது, மாலையில் எந்த முகட்டுக்குத் தூங்கப் போகும் என்று தெரிந்தவர் வேண்டும். அவர் சொல்லும் இடத்துக்குப் போனால்தான் அரைமணி நேர மின்கலத்துக்குப் பலன் உண்டு. நம் நாட்டில் அந்த அறிவு வனக்காவலர்களிடமும் ஓராங் அஸ்லி மக்களிடமும் இருக்கிறது.

பக்கவிளைவும் உண்டு. ட்ரோன் இரைச்சல் போடும். தாழப் பறந்தால் விலங்குகள் மிரளும், தூங்கும் மரத்தைவிட்டு ஓடும். அதனால்தான் ஆய்வாளர்கள் உயரத்தில் நின்று பார்க்கிறார்கள். விலங்கு பதறுவது தெரிந்தால் திரும்பிவிடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. ட்ரோன் எடுக்கும் படத்தோடு இடத்தின் துல்லியமான குறியீடும் சேர்ந்தே பதிவாகிறது. பாதுகாவலருக்கு வழிகாட்டும் அதே குறியீடு திருடனுக்கும் வழிகாட்டும். ஜிப்பன் குட்டியைச் செல்லப்பிராணியாக விற்பவர்கள், குட்டியைப் பிடிக்கப் பெரும்பாலும் தாயைச் சுட்டுவிடுகிறார்கள். சமூக ஊடகத்தில் நாப்பியும் சட்டையும் போட்டு வரும் குட்டிச் சியாமாங் வீடியோவுக்கு ‘அழகு’ என்று இதயம் போடும்போது, அதன் அம்மா எங்கே என்று நாம் கேட்பதில்லை. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சியாமாங் முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. இப்படிப் பிடிபட்டு மீட்கப்பட்ட ஜிப்பன்களை மீண்டும் காட்டுக்குப் பழக்கும் மறுவாழ்வுத் திட்டம் ஒன்று பகாங், ரவூப்பில் நடக்கிறது. பிரேசர் மலையும் ரவூப் மாவட்டம்தான்.

எனவே விடுமுறைக்கு மலைக்குப் போகும்போது ‘நாமும் ஒரு ட்ரோன் விட்டுப் பார்க்கலாமே’ என்று தோன்றினால், தயவுசெய்து வேண்டாம். பறக்கவிட விதிகள் உண்டு. காப்புக்காடு என்றால் அனுமதியும் வேண்டும். விலங்கைப் பார்த்தால் மகிழுங்கள். ஆனால், இடத்தின் குறியீட்டோடு படத்தைப் பொதுவில் போடாதீர்கள்.

எண்ணினால் என்ன கிடைக்கும்?

ஹைனானுக்குத் திரும்புகிறேன். 2014-ல் ரம்மாசுன் என்ற பெரும் புயல் அந்தத் தீவைத் தாக்கியது. பாவாங்லிங்கில் மண் சரிந்து, ஒரு ஜிப்பன் குடும்பம் மரம்விட்டு மரம் தாவிப் போகும் பாதை அறுந்தது. சுமார் 15 மீட்டர் இடைவெளி. ஒன்பது உறுப்பினர்களைக் கொண்ட குடும்பம் அது. அவை எந்த வழியாகப் போய்வரும் என்பதை ஏற்கெனவே பின்தொடர்ந்து அறிந்திருந்தார்கள். அதனால் 2015-ல் சரியாக அந்த இடத்தில் கயிற்றுப் பாலம் கட்ட முடிந்தது. முதலில் ஜிப்பன்கள் அதைத் தொடவே இல்லை. 176 நாள் கழித்துத்தான் ஒன்று கடந்தது. பிறகு மற்றவையும் பழகிக்கொண்டன.

அந்தக் குடும்பம் அங்கே இருப்பதே தெரியாதிருந்தால் யார் பாலம் கட்டியிருப்பார்கள்? இன்று ஹைனான் ஜிப்பன்களின் எண்ணிக்கை 40-ஐத் தாண்டியிருக்கிறது. இன்னும் ஆபத்தான நிலைதான். ஆனால், 13-லிருந்து 40-க்கு வந்தது எல்லாருக்கும் தெரிகிறது. ஏனென்றால், 13 என்று ஒருநாள் எண்ணி எழுதிவைத்தார்கள்.

இதெல்லாம் படித்து முடித்த பிறகு, பிரேசர் மலையில் கைப்பேசியில் பதிவு செய்திருந்த சியாமாங் குரலைக் காலை நிகழ்ச்சியில் ஒருநாள் ஒலிபரப்பினேன். “இது என்ன சத்தம், சொல்லுங்கள்?” என்று மட்டும்தான் கேட்டேன். அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. பெரும்பாலும் அப்பா வயதுக்காரர்கள். ஒவ்வொருவரும் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னார்கள். “எங்க தோட்டத்துக்குப் பின்னால இருந்த மலையில கத்தும்மா,” என்றார்கள். “இப்போ கேட்குதா, ஐயா?” என்று கேட்டேன். பலருக்குத் தெரியவில்லை. தோட்டத்தைவிட்டு வந்து நாளாகிவிட்டது. சிலர், “அந்தக் காடே இல்லையேம்மா,” என்றார்கள்.

அந்த மலைகளில் அன்று எத்தனை குடும்பங்கள் பாடின என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அதனால் எத்தனையை இழந்தோம் என்றுகூட இன்று சொல்ல முடியாது. பதிவேட்டில் பெயர் விழாதவர் வராமல் போனால் யாருக்கும் தெரியாது. ட்ரோன் விலங்கைக் காப்பாற்றாது. அது செய்வது காலையில் நின்று பெயர் கூப்பிடும் வேலை மட்டும்தான். ஆனால், பெரட்டு இல்லாமல் எந்த நாளும் தொடங்கியதில்லை என்கிறார் அப்பா.

அடுத்த விடுமுறைக்கும் பிரேசர் மலைக்கே போகவேண்டும் என்று மகள் இப்போதே சொல்லிவிட்டாள். ஒரு சின்ன நோட்டுப் புத்தகமும் திசைகாட்டியும் கேட்டிருக்கிறாள். தாத்தாவை ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமும் நிறுத்தி, பாட்டு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அவள் குறித்துக்கொள்ளப் போகிறாளாம். “நாலா அஞ்சான்னு நானே கண்டுபிடிக்கிறேன்,” என்கிறாள்.

அப்பா இப்போதே காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கத் தயார். பழகிய நேரம்தானே!